கறிவேப்பிலைப் புழுவை வண்ணத்துப்பூச்சியாக வளர்க்கலாம்: பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய ஒரு மாத வேலை

மழைக்காலம் தொடங்கியதும் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே கேள்வியாகத்தான் இருக்கும். "எலுமிச்சைத் துளிரைப் புழு தின்கிறது, என்ன மருந்து அடிக்கலாம்?" சென்ற பருவத்தில் ஒரு விவசாயி வேறு மாதிரி கேட்டார். அவர் நாற்றங்காலில் பொறுக்கிப் போட்ட புழுவில் நான்கை அவருடைய பேத்தி டப்பாவில் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள். தூக்கிப் போடச் சொன்னால் அழுகிறாள். "புழு கடிக்குமா சார், விஷமா? வீட்டில் வைத்திருக்கலாமா?"

வைத்திருக்கலாம். கடிக்காது, விஷமும் இல்லை. முறையாக வைத்தால் ஒரு மாதத்துக்குள் வண்ணத்துப்பூச்சி வெளியே வரும். அதற்கு என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. உங்களுக்கோ, வயலில் தினமும் மல்லுக்கட்டும் பூச்சியின் வாழ்க்கையை முட்டையிலிருந்து இறக்கை வரை கண்ணெதிரே பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு.

எந்தப் புழுவை எடுப்பது?

முதலில் செய்பவர்களுக்கு எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியைத்தான் சொல்வேன். இதன் புழு எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை, வில்வம் ஆகியவற்றில் கிடைக்கும். கறிவேப்பிலை இல்லாத வீடு நம் ஊரில் குறைவு என்பதால் தீனிக்கு அலைய வேண்டியதில்லை. முடி கிடையாது, முள் கிடையாது, கையில் ஏறினாலும் அரிக்காது.

இளம்புழு பார்ப்பதற்குப் பறவை எச்சம் மாதிரியே இருக்கும். பழுப்பு நிறத்தில், நடுவில் வெள்ளைத் திட்டோடு இலையின் மேல் அசையாமல் கிடக்கும். காக்கையோ குருவியோ எச்சம் என்று நினைத்து விட்டுவிடும். வளர்ந்த பிறகு இலைப் பச்சைக்கு மாறிவிடும். அப்போது சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பு போல ஒன்றை நீட்டும். புளித்த வாடை ஒன்று வரும். எதிரியை விரட்ட அது வைத்திருக்கும் ஆயுதம் அவ்வளவுதான். பிள்ளைகள் இதைப் பார்ப்பதற்காகவே திரும்பத் திரும்பச் சீண்டுவார்கள். ஓரிரு முறைக்கு மேல் விடாதீர்கள்.

கறிவேப்பிலையில் இதன் நெருங்கிய உறவான இன்னொரு வண்ணத்துப்பூச்சியின் புழுவும் இருக்கும். வளர்ப்பு முறை இரண்டுக்கும் ஒன்றுதான். பின் இறக்கையில் வால் போல நீண்டிருந்தால் அது இந்த இரண்டாவது வகை. வால் இல்லாமல் கறுப்பும் மஞ்சளும் கலந்து, பின் இறக்கையின் ஓரத்தில் செம்பொட்டு இருந்தால் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி.

எருக்கஞ்செடியிலும் ஒரு அழகான புழு உண்டு. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளும் உடம்பில் மூன்று ஜோடிக் கறுப்பு இழைகளும் இருக்கும். அதன் கூட்டில் தங்கப்பொட்டு வைத்தது போலப் புள்ளிகள் மின்னும். ஆனால் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை நான் பரிந்துரைப்பதில்லை. காரணம் புழு அல்ல, எருக்கம்பால். அது கண்ணில் பட்டால் உடனே பெரிதாக வலிக்காமல் கூட இருக்கலாம். சில மணி நேரத்தில் பார்வை மங்கும், கருவிழி பாதிக்கப்படும். வலி இல்லை என்று விட்டுவிடக் கூடாது. நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு அன்றே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எருக்கம்புழு வளர்க்க ஆசையென்றால் இலை பறிப்பது பெரியவர் வேலை. பறித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவும் வரை முகத்துக்குக் கொண்டு போகக் கூடாது.

முடி இருந்தால் தொடாதே

பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டிய விதி இது. முடியோ முள்ளோ உள்ள எந்தப் புழுவையும் கையால் தொடக் கூடாது. முருங்கை மரத்தில் கூட்டமாக அப்பியிருக்கும் கம்பளிப்புழு, நிலக்கடலையில் வரும் சிவப்புக் கம்பளிப்புழு, ஆமணக்கிலும் தென்னையிலும் இருக்கும் நத்தை போன்ற பச்சை முள்புழு எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். கடைசியாகச் சொன்னது கொட்டினால் நெருப்பு சுட்டது போல எரியும்.

பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் முடி இன்னும் உள்ளே இறங்கும். செலோ டேப்பை அந்த இடத்தில் ஒட்டி உரித்தால் முடிகள் டேப்போடு வந்துவிடும். பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டாலும், மூச்சு இளைத்தாலும், முகம் வீங்கினாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், மருத்துவமனைக்குப் போங்கள்.

காட்டிலிருந்தும் புழு எடுத்து வராதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சில வண்ணத்துப்பூச்சிகளும் உள்ளன. வீட்டுத் தோட்டத்துக் கறிவேப்பிலையில் கிடைப்பதே நமக்குப் போதும்.

முட்டையிலிருந்து தொடங்கினால் நல்லது

தாய்ப்பூச்சி துளிர் இலையில் ஒவ்வொன்றாக முட்டையிடும். கேழ்வரகை விடச் சற்றுச் சிறிய, வெளிர் மஞ்சள் உருண்டை. காலை வெயிலில் கறிவேப்பிலைச் செடியைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒரு துளிரில் தொட்டுத் தொட்டுப் போகும் பூச்சியைக் கண்டால் அது தேன் தேடவில்லை, முட்டை வைக்கிறது என்று அறியலாம். அந்தக் கொழுந்தை அப்படியே கிள்ளி எடுத்து வைத்தால் மூன்று முதல் ஐந்து நாளில் பொரிக்கும். பொரித்த புழு முதலில் தன் முட்டை ஓட்டையே தின்னும்.

நான்கு முட்டை எடுத்து நான்கும் பொரிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில முட்டை முழுக்கக் கருத்துவிடும். அழுகிவிட்டது என்று எறிந்துவிடாமல் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, வாயைப் பஞ்சால் அடைத்து வையுங்கள். அதிலிருந்து புள்ளி அளவு குளவி வரலாம். கரும்புக்கும் நெல்லுக்கும் நாம் காசு கொடுத்து அட்டையாக வாங்கிக் கட்டும் முட்டை ஒட்டுண்ணி இந்த இனம்தான். உங்கள் தோட்டத்தில் அது இலவசமாகவே வேலை செய்துகொண்டிருக்கிறது. நீங்கள் மருந்து அடிக்கும்போது முதலில் சாவதும் அதுதான்.

வளர்க்கும் முறை

எளிதான வழி, குரோ பேக்கிலோ பழைய வாளியிலோ உள்ள கறிவேப்பிலைச் செடிக்குக் கொசுவலையை மூடி, அடியில் கயிறு கட்டி விடுவது. புழு செடியிலேயே இருக்கும், தின்னும், வளரும். நீங்கள் தண்ணீர் ஊற்றினால் போதும். இரண்டடி உயரச் செடியில் இரண்டு மூன்று புழுவுக்கு மேல் விடாதீர்கள். மொட்டையடித்துவிடும்.

செடி சிறிதாக இருந்தால் டப்பா முறை. அகலமான வாயுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, வாயை வேட்டித் துணியோ வலையோ போட்டு ரப்பர் பேண்டால் கட்டுங்கள். மூடி போட்டால் உள்ளே வியர்த்து, புழுக்கை பூஞ்சணம் பிடித்து, புழு நோய் வந்து சாகும். டப்பா ஒரு சாண் உயரமாவது இருக்க வேண்டும். உள்ளே ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். அது எதற்கு என்று பிறகு தெரியும்.

இலையை வாடாமல் வைக்க ஒரு சின்னப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கொத்தைச் செருகலாம். பாட்டில் வாயைப் பஞ்சு வைத்து இறுக்கமாக அடைக்க மறந்தால் புழு காம்பு வழியாக இறங்கித் தண்ணீரில் விழுந்து செத்துப்போகும். முதல் முறை செய்கிறவர்களிடம் அதிகம் நடக்கும் தவறு இதுதான். எனக்கும் நடந்திருக்கிறது.

தினமும் காலையில் புதுக் கொத்து வைத்து, புழுக்கையைக் கொட்டி, டப்பாவைத் துடையுங்கள். பழைய இலையிலிருந்து புழுவைப் பிடுங்கி எடுக்க வேண்டாம். பழைய கொத்தைப் புதுக் கொத்தின் மேல் வைத்தால் தானாக ஏறிவிடும். ஒரு நாள் முழுக்க அசையாமல், தின்னாமல் இருந்தால் நோய் என்று பயப்படாதீர்கள். தோலுரிக்கிறது. புழுப் பருவத்தில் நான்கு முறை இப்படித் தோலுரிக்கும். அந்த நேரத்தில் தொட்டு நகர்த்தினால் பழைய தோலில் சிக்கிச் செத்துவிடும்.

வெயில் நேராகப் படும் இடம் வேண்டாம். எறும்பு வரும் இடமென்றால் தண்ணீர்த் தட்டின் நடுவே டப்பாவை வையுங்கள். பல்லியும் வரும்.

இலை எங்கிருந்து வந்தது?

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமப் பள்ளியில் பிள்ளைகளோடு இந்த வளர்ப்பைத் தொடங்கினேன். பன்னிரண்டு புழு, ஆறு டப்பா. பள்ளி வளாகத்தில் இருந்த செடி ஒரு வாரத்தில் தீர்ந்துபோனது. ஒரு பையன் கடையில் கறிவேப்பிலைக் கட்டு வாங்கி வந்தான். பச்சைப்பசேலென்று, ஒரு ஓட்டை கூட இல்லாத இலை. கழுவித் துடைத்துத்தான் வைத்தோம். மதியத்துக்குள் புழுக்கள் தின்பதை நிறுத்தின. மாலையில் வாயிலிருந்து பச்சையாக நீர் கக்கி, உடம்பு வளைந்து துடித்தன. மறுநாள் காலையில் பன்னிரண்டும் போயிருந்தன.

கடைக்காரரிடம் கேட்டு, பயிர் செய்தவரைத் தேடிப் போனேன். குறை சொல்லப் போகவில்லை, தெரிந்துகொள்ளத்தான். அறுவடைக்கு மூன்று நாள் முன்பு தெளித்திருக்கிறார். அவரை வில்லனாக்க எனக்கு மனமில்லை. ஓட்டை விழுந்த இலையைச் சந்தையில் வாங்க ஆளில்லை. ஆனால் அந்தக் கட்டிலிருந்து பன்னிரண்டு புழுவுக்குப் போனது போக மீதியை அன்று சிலர் ரசத்துக்குத் தாளித்திருப்பார்கள். பிள்ளைகள் என்னிடம் கேட்ட கேள்வியும் அதுதான். "நாங்களும் அதைத்தானே சார் சாப்பிடுகிறோம்?" ஒரு வேளைத் தாளிப்பில் மனிதனுக்குச் சேரும் அளவு வேறு, இரவு பகலாக அந்த இலையையே தின்னும் புழுவுக்குச் சேரும் அளவு வேறு என்று விளக்கினேன். சொன்னதில் தவறில்லை. ஆனாலும் அவர்களுக்குச் சமாதானம் ஆகவில்லை, எனக்கும் ஆகவில்லை.

எனவே மருந்து தெளிக்காதது என்று உங்களுக்கே உறுதியாகத் தெரிந்த செடியின் இலையை மட்டும் கொடுங்கள். கழுவினால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். ஊடுருவிப் பாயும் மருந்துகள் இலைக்குள் சாற்றோடு கலந்திருக்கும். வேப்ப எண்ணெய் தெளித்த இலையும் உதவாது. புழு உடனே சாகாமல் இருக்கலாம். தோலுரிக்க முடியாமல் அடுத்த பருவத்தில் சாகும். வேப்பம் மருந்து வயலில் எப்படி வேலை செய்கிறது என்பதை அப்போது நேரில் பார்க்கலாம். ஆனால் பிள்ளை அழும்.

டப்பா இருக்கும் அறையில் கொசுவர்த்தி, கொசு விரட்டும் திரவ இயந்திரம், ஸ்பிரே எதுவும் வேண்டாம். தெளிப்பு வேலை முடித்து வந்த கையோடும் சட்டையோடும் டப்பாவைத் தொடாதீர்கள். பிள்ளையைத் தூக்குவதற்கும் இதே விதி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

விற்பனைக்குக் கறிவேப்பிலை பயிரிடுகிறவர்கள் மருந்துப் புட்டியின் லேபிளில் உள்ள காத்திருப்புக் காலத்தைப் பாருங்கள். அந்தப் பயிரின் பெயரே லேபிளில் இல்லையென்றால் அந்த மருந்து அந்தப் பயிருக்கு இல்லை என்றுதான் பொருள்.

கூட்டுப்புழுவும் பூச்சியும்

பொரித்து இரண்டு, மூன்று வாரத்தில் புழு கிட்டத்தட்ட ஒன்றரை அங்குல நீளம் ஆகும். மொத்த வாழ்நாளில் தின்னும் இலையில் பெரும்பகுதியைக் கடைசிப் பருவத்தின் சில நாளில்தான் தின்கிறது. பிள்ளையிடம் தினமும் எத்தனை இலை போனது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். முதல் வாரம் ஒன்றிரண்டு, கடைசியில் கொத்துக் கொத்தாக. மக்காச்சோளத்தில் 2018 முதல் நம்மை வாட்டும் படைப்புழுவை ஏன் சிறு புழுவாக இருக்கும்போதே பிடிக்கச் சொல்கிறோம் என்பதற்கு இந்த நோட்டை விட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. பெரிய புழுவைப் பார்த்துவிட்டு மருந்துக் கடைக்கு ஓடும்போது அது தின்ன வேண்டியதைத் தின்று முடித்திருக்கும். மருந்துக்கும் எளிதில் மசியாது.

பிறகு ஒரு நாள் புழு தீனியை விட்டுவிட்டு, தண்ணீராகக் கழிந்து, டப்பா முழுக்க அலையும். கூடு கட்ட இடம் தேடுகிறது. சாய்த்து வைத்த குச்சி இதற்குத்தான். குச்சியில் வால் நுனியை ஒட்டிக்கொண்டு, தென்னை ஏறுகிறவர் இடுப்பைச் சுற்றிக் கயிறு போட்டுக்கொள்வது போல ஒரு பட்டு நூலைச் சுற்றிப் போட்டுச் சாய்ந்துகொள்ளும். அடுத்த நாளில் தோலுரித்துக் கூட்டுப்புழு ஆகிவிடும். பச்சை இலைகளுக்கு நடுவே கட்டினால் பச்சையாகவும், காய்ந்த குச்சியில் கட்டினால் பெரும்பாலும் பழுப்பாகவும் இருக்கும். இரண்டும் நல்ல கூடுதான்.

இனி தீனி வேண்டாம். எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆட்டாமல் வைத்திருந்தால் போதும். குளிர் நாளில் இன்னும் தள்ளிப் போகலாம். கூடு கீழே விழுந்துவிட்டால் பஞ்சின் மேல் கிடத்தி, பக்கத்திலேயே சொரசொரப்பான குச்சியோ துணியோ ஏறுவதற்கு வசதியாக வையுங்கள்.

கூடு கருத்து, உள்ளே இறக்கையின் நிறம் கண்ணாடி போலத் தெரிந்தால் மறுநாள் விடியலில் பூச்சி வரும். பிள்ளையை அன்று மட்டும் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள். கூடு வெடித்துப் பூச்சி வெளியே வர ஒரு நிமிடம் கூட ஆகாது, தவறவிட்டால் அவ்வளவுதான். வரும்போது இறக்கை ஈரத்துணி மாதிரிக் கசங்கியிருக்கும். உயரத்தில் ஏறித் தொங்கி, உடம்பு நீரை இறக்கை நரம்புகளுக்குள் செலுத்தி விரிக்கும். தொங்க இடமில்லாத தாழ்ந்த டப்பாவில் இறக்கை மடங்கியே காய்ந்துவிடும். அந்தப் பூச்சி பிறகு பறக்கவே பறக்காது. கலங்கலாக ஒரு சொட்டுத் திரவம் விழும். ரத்தம் என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். அது கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. கையால் உதவி செய்யக் கூடாது.

இறக்கை காய்ந்து உறுதிப்பட சில மணி நேரம் ஆகும். வெயில் ஏறிய பிறகு, பூக்கள் உள்ள இடத்தில் திறந்து விடுங்கள். இட்லிப்பூ, செண்டுமல்லி, வரப்பில் தானாக முளைக்கும் வெட்டுக்காயப்பூண்டு எல்லாம் அதற்குப் பிடிக்கும். டப்பாவில் வைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து வளர்க்க நினைக்க வேண்டாம். அதன் ஆயுளே சில நாள்தான், முட்டை வைக்கவும் நேரம் வேண்டும்.

வண்ணத்துப்பூச்சி வராவிட்டால்

சில கூட்டில் சிறு துளை விழுந்து, வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் பத்து இருபது சின்னக் குளவிகள் வரும். சில நேரம் வளர்ந்த புழுவின் உடம்பிலிருந்து குட்டிப் புழுக்கள் வெளியே வந்து அருகிலேயே வெள்ளைக் கூடு கட்டும், அல்லது ஈ வரும். பிள்ளைக்கு அன்று வருத்தமாகத்தான் இருக்கும். என் மகளும் ஏழு வயதில் அந்தக் குளவிகளை நசுக்கப் போனாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தி, டப்பாவைக் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் வைத்துத் திறக்கச் சொன்னேன். எலுமிச்சைத் தோட்டம் மொட்டையாகாமல் இருப்பதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

புழு கருத்து, தோல் நைந்து, தலைகீழாகத் தொங்கினால் அது நோய். அந்த டப்பாவைக் காலி செய்து, சோப்பு போட்டுக் கழுவி, நல்ல வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த புழுவை விட வேண்டும்.

எலுமிச்சை விவசாயி வளர்க்கலாமா?

புளியங்குடிப் பக்கம் இதைப் பேசியபோது, "நான் காசு செலவழித்துக் கொல்லும் பூச்சியை வீட்டில் வளர்க்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நாற்றங்காலிலும் ஒன்றிரண்டு வயதுக் கன்றிலும் இந்தப் புழு உண்மையிலேயே சேதம் செய்யும். அங்கே வாரம் ஒருமுறை துளிரைப் பார்த்துப் புழுவைக் கையால் பொறுக்குங்கள். நிறைய இருந்தால் பி.டி. என்கிற பாக்டீரியா மருந்தை மாலை வேளையில் தெளிக்கலாம். காய்க்கும் பெரிய மரத்துக்கு நாலைந்து புழுவால் ஒன்றும் ஆகாது.

ஆகவே பொறுக்கிய புழுவில் நான்கைப் பிள்ளைக்குக் கொடுங்கள். வளர்ந்து பறக்கும் பூச்சியை நாற்றங்காலிலிருந்து தள்ளி விடுங்கள். நான்கு பூச்சியால் ஊரில் புழு பெருகிவிடாது, வயலில் தானாக வருவது அதை விடப் பல மடங்கு.

ஆரம்பத்தில் சொன்ன விவசாயியின் பேத்தியிடம் இருந்த நான்கில் இரண்டு வண்ணத்துப்பூச்சியாகப் பறந்தன. ஒன்றிலிருந்து குளவி வந்தது. ஒன்று தண்ணீர்ப் பாட்டிலில் விழுந்துவிட்டது. இப்போது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கறிவேப்பிலைச் செடிக்கு மருந்து அடிக்க அவள் விடுவதில்லையாம். தாத்தா என்னிடம் புகாராகத்தான் சொன்னார்.